பெருக்கமரத்தின் பூர்விகம்: மன்னார்க் கரையின் ஒரு மரமும் அது வந்த வழிகளும்

மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் மூன்று செய்திகளைத் தவறாது கூறுவர். அதன் அடிச்சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர், அது 1477ஆம் ஆண்டில் அரேபியரால் நடப்பட்டது. முதலிரு செய்திகளையும் அளவுநாடா கொண்டு எவரும் சரிபார்க்கலாம். உயரத்தைக் காட்டிலும் இரண்டரை மடங்கு சுற்றளவு கொண்ட ஒரு மரம் விந்தையானதே. ஆயினும் மரத்தின் உருவத்திலும் விந்தையானது அந்த மூன்றாவது செய்தியாகும். ஆண்டு இத்துணைத் திட்டமாகக் கூறப்படும்போது நட்டவர் இத்துணை மங்கலாக விடப்பட்டிருப்பது சிந்தனைக்குரியது. 'அரேபியர்' என்பது ஒரு மனிதனின் பெயரன்று. ஒரு தொழிலின் பெயருமன்று. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்திலே தோன்றும் உருவம் தலைப்பாகையும் பொற்பையும் கொண்ட ஒரு வணிகனுடையதாகும். மரத்தைக் கொண்டுவந்தவன் வணிகன் என்பது இவ்வாறு ஆராயப்படாமலே நிலைபெற்றுவிடுகின்றது.

பெருக்கமரம் இந்நாட்டின் மரமன்று என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. அது எங்கிருந்து, எவர் கையில், எத்தகைய சமுதாய உறவுகளினூடாக வந்தது என்பதே வினா. தாவரவியலாளர் முதற்பகுதிக்கு விடையளித்துள்ளனர். பிற்பகுதி வரலாற்று மாணவனுக்கு உரியது. அவ்வினாவை எழுப்புதற்கு வேண்டிய சான்றுகள் அண்மைக் காலத்திலேதான் கிடைத்துள்ளன.

முதலிலே மரத்தின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். அடன்சோனியா டிஜிடாட்டா எனத் தாவரவியலார் வழங்கும் இம்மரத்தின் பருத்த அடியை நாம் 'மரம்' என்று கூறுவது ஒரு வகையில் தவறு. தச்சன் உளிக்கு உதவும் வைரம் அதிலே இல்லை. பஞ்சு போன்ற மென்திசுக்களால் ஆன, நீர் செறிந்த ஒரு திரட்சியே அது. பச்சை மரத்தின் எடையிற் பெரும்பகுதி நீராகும். வறட்சிக் காலத்தில் அடிமரம் சற்றுச் சுருங்கும். மழைக்குப் பின் மீண்டும் பருக்கும். ஆண்டின் பெரும்பகுதி இலையின்றி நிற்கும் இம்மரம் மழை தொடங்குவதற்கு முன்னரே துளிர்ப்பதற்குச் சேமித்த நீரைப் பயன்படுத்துகின்றது. இரவில் மலரும் பெரிய வெண்பூக்களை வௌவால்கள் நாடுகின்றன. வெல்வெட்டுப் போன்ற மேற்பரப்பும் கடினமான ஓடும் கொண்ட காய்களினுள்ளே மாவு போன்ற புளிப்புச் சதையும் அதனுட் பொதிந்த விதைகளும் உள்ளன. இச்சதை காயினுள்ளேயே தானாக உலர்ந்துவிடுகின்றது என்பதும், பல மாதங்கள் கெடாதிருக்கும் என்பதும் மனங்கொள்ளத்தக்கன. எம் வாதத்திற்கு இது பின்னர் தேவைப்படும்.

மொழியைப் பயில்பவன் ஒரு பொருளின் பெயரைக் கடந்து எளிதிற் செல்லமாட்டான். தமிழிலே இம்மரத்திற்குப் பல பெயர்கள் உண்டு. பெருக்கமரம் என்பது மன்னாரிலும் நெடுந்தீவிலும் வழங்குவது. பருத்த அடியைச் சுட்டிய பெயரெனக் கொள்ளலாம். ஆனைப்புளி என்பது உருவத்தையும் சுவையையும் ஒருங்கே கூறுவது. சிங்களத்தில் 'அலிகஹ' என்பதும் யானை மரம் என்றே பொருள்படும். இவையெல்லாம் கண்ணாற் கண்டதையும் நாவாற் சுவைத்ததையும் கொண்டு இட்ட பெயர்கள். நான்காவதொரு பெயர் அத்தகையதன்று. பப்பரப்புளி என்பது அது. பப்பரம் என்பது பழைய தேசப் பட்டியல்களில் இடம்பெறும் ஓர் அயல்நாட்டுப் பெயர். வடமொழியின் 'பர்பர' என்பதோடு உறவுடையது. செங்கடல் வாயிலுக்கு அப்பாலுள்ள ஆபிரிக்கக் கரையைப் பண்டைக் கிரேக்கக் கடலோடிகளும் பின்னர் அரேபியப் புவியியலாளரும் இதனையொத்த பெயராலேயே சுட்டினர். எனவே இம்மரம் கடல் கடந்து வந்தது என்ற நினைவு ஏடுகளில் மறைந்தபோதும் பெயரிலே தங்கியிருந்தது எனலாம். பெயரை வைத்தவர் எவரும் 'வணிகப்புளி' என்று வைக்கவில்லை என்பதையும் இவ்விடத்திலே குறிப்பிடத் தோன்றுகின்றது.

அடன்சோனியா இனத்தில் எட்டு வகைகள் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் ஆறு மடகஸ்காரிலே மட்டும் வளர்வன; ஒன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ளது; ஆபிரிக்கப் பெருநிலத்திலே பரந்துள்ளதும் நம் கரையை அடைந்ததும் எஞ்சிய ஒன்றாகும். கண்டங்கள் ஒன்றாயிருந்த காலத்தில் இவ்வினம் பரவியிருக்கலாம் என முன்னர் கருதினர். கண்டங்கள் பிரிந்த காலத்திற்கு மிகப் பின்னரே இவ்வினம் தோன்றியது என்பது தெளிவானபின் அக்கருத்து கைவிடப்பட்டது. எட்டு வகைகளினதும் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டு 2024இல் வெளிவந்த ஆய்வு, மடகஸ்காரே இவ்வினத்தின் தாயகம் என்றும், ஏனைய இரு நிலங்களுக்கும் காய்கள் கடல்நீரோட்டத்தில் மிதந்து சென்றிருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. ஆபிரிக்காவின் மரமென நாம் கூறுவதும் ஆபிரிக்காவிற்கு ஒருகாலத்தில் வந்தேறியதே. மனிதன் தோன்றுமுன் நடந்த அப்பயணத்திற்கு வர்க்க வரலாறு இல்லை. அடுத்த பயணத்திற்கு உண்டு.

இம்மரத்தின் விஞ்ஞானப் பெயரிலிருந்தே அவ்வரலாற்றைத் தொடங்கலாம். மிஷேல் அடன்சோன் என்ற பிரான்சிய இயற்கையியலாளர் 1749 முதல் 1754 வரை செனகலில் தங்கி இம்மரத்தை விரிவாக ஆராய்ந்தார். லின்னேயசு 1759இல் அவர் பெயரையே இனப்பெயராக்கினார். செனகற் கரையை அடுத்த தீவொன்றின் மரங்களில் முன்னைய ஐரோப்பியக் கடலோடிகள் செதுக்கியிருந்த பெயர்களையும் ஆண்டுகளையும் கண்ட அடன்சோன், அவற்றைக் கொண்டு கணித்து, சில மரங்கள் ஐயாயிரம் ஆண்டுகளைக் கடந்தவை என்றார். விவிலியக் காலக்கணக்கினை நம்பியோரை அது கலங்கச் செய்தது. விஞ்ஞான வரலாறுகள் இவற்றைச் சுவைபடக் கூறுகின்றன. ஆனால் அடன்சோன் எவ்வாறு செனகலை அடைந்தார் என்பதை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. அவர் பிரான்சிய இந்தியக் கம்பனியின் ஊழியராகவே அங்கு சென்றார். செந்-லூயியையும் கோரே தீவையும் தன் கையில் வைத்திருந்த அக்கம்பனியின் வாணிகப் பொருள்களுள் கோந்தும் இருந்தது, மனிதரும் இருந்தனர். பெருக்கமரத்திற்குத் தன் பெயரைத் தந்தவர் அடிமை வாணிகம் செய்த ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் இடம்பெற்றவர். ஒரு தனிமனிதரைக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. அறிவு எந்தக் கப்பலில் ஏறிச் சென்றது என்பதை மறவாதிருத்தல் வேண்டும் என்பதே.

ஐரோப்பியருக்கு முன்னரே இம்மரத்தை எழுத்திற் பதித்த அரபுப் பயணி ஒருவர் இருக்கிறார். இபின் பதூதா 1352இல் மாலி நாட்டிற்குச் செல்லும் வழியிலே, உட்குடைந்த பெருமரமொன்றின் பொந்தினுள் தறியை அமைத்து ஒரு நெசவாளன் நெய்துகொண்டிருந்ததைக் கண்டு வியந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் 1344இல் அவரே இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்தவர். மன்னரின் முத்துக்களைப் பற்றி அவர் விரிவாக எழுதினார். அம்முத்துக்களை எடுத்தவர்களைக் காட்டிலும் மாலியின் அந்நெசவாளனே அவர் நூலில் நம் கண்முன் தெளிவாக நிற்கிறான். பயண நூல்களிலே உழைப்பாளி இடம்பெறுவது பெரும்பாலும் இத்தகைய விந்தைப் பொருளாகவே என்பது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.

இனி மன்னார் வழக்கிற்கு வருவோம். அரேபிய வணிகர் தம் ஒட்டகங்களுக்கு இலைத்தீனாக இம்மரத்தை நட்டனர் என்பது பரவலான கூற்று. குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் மன்னாரின் இம்மரங்களைக் குறிப்பிட்டது முதலாக எழுதியோர் பலரும் அரேபியத் தொடர்பையே முன்வைத்தனர். இக்கூற்றில் உண்மையின் கூறு உண்டு. மாந்தை பல நூற்றாண்டுகளாக இந்து சமுத்திரத்தின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்றாக இருந்தது. 1980களில் அங்கு நடைபெற்ற அகழ்வுகளில் மேற்காசியாவினதும் சீனாவினதும் மட்பாண்டங்கள் பெருமளவிற் கிடைத்தன. கிழக்காபிரிக்கக் கரையின் கில்வா, மொம்பாசா முதலிய துறைகளையும் இக்கரையையும் இணைத்த பருவக்காற்று வழி ஐயத்திற்கிடமற்றது. ஆயினும் ஒட்டகக் கதை ஒரு நடைமுறைச் சிக்கலை எழுப்புகின்றது. பெருக்கமரம் இலையின்றி நிற்பது வறட்சிக் காலத்திலே. தீனுக்குத் தட்டுப்பாடு ஏற்படுவதும் அதே காலத்திலே. விதையிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து, தேவையான பருவத்தில் இலை தராத மரத்தைத் தீனுக்காக ஒரு வணிகன் வளர்த்தான் என்பது வணிகக் கணக்கிற்குப் பொருந்துவதாயில்லை.

மாறாக, கப்பலின் கீழ்த்தட்டிலிருந்து நோக்குவோமாயின் வேறொரு சாத்தியம் புலப்படுகின்றது. கெடாத, நோய் தடுக்கும் புளிப்புச் சதை, அதனுள் விதை, இவையிரண்டையும் காக்கும் ஓடு. கடற்பயணத்திற்கு இதனிலும் ஏற்ற கட்டுச்சோறு அரிது. ஆபிரிக்கச் சிற்றூர்களிலே இலையைக் கறியாக்கியும், சதையைக் கரைத்துக் குடித்தும், பட்டையிலிருந்து கயிறு திரித்தும் இம்மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அதன் விதை பண்டமன்று, வீட்டுப்பொருள். மேற்கிந்தியக் கரை மீனவர் உலர்ந்த காயை வலைக்கு மிதவையாகக் கட்டியதும் இதனோடு எண்ணத்தக்கது. ஒரு தாவரத்தின் பயன் அறியப்படாத இடத்தில் அது வேரூன்றுவதில்லை. அப்பயனை அறிந்தவர் யாவர்? அதனை உண்டு வளர்ந்தவர். பாய்மரக் கப்பல்களிலே கூலியாட்களாகவும், படைகளில் வீரராகவும், வீடுகளில் அடிமைகளாகவும் இக்கடலைக் கடந்த ஆபிரிக்க மக்கள்.

இதனை வெறும் ஊகமெனக் கொள்ளாதிருக்க இரு ஆய்வுகள் துணைபுரிகின்றன. 2015இல் ஆபிரிக்கா, இந்தியா, மஸ்கரீன் தீவுகள், மலேசியா ஆகிய இடங்களின் மரங்களை மரபணு முறையில் ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வு முதலாவது. இந்திய மரங்கள் ஒரே முறையில் வந்தவையல்ல, நெடுங்காலமாகப் பல தடவைகளில் வந்தவை என்பதும், அவற்றுக்கு மிக நெருங்கிய உறவினர் மொம்பாசாவிற்கும் தாருஸ்ஸலாமிற்கும் இடைப்பட்ட கரையில் உள்ளவை என்பதும் அதன் முடிவுகள். அதனிலும் கூர்மையானது மற்றொன்று. சம்பேசி ஆற்றங்கரையிலும் கில்வாவிலும் உள்ள மரங்கள் வெவ்வேறு உள்நாட்டுப் பகுதிகளைச் சேர்ந்த கூட்டங்களின் கலப்பாகக் காணப்பட்டன. 15ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை உள்நாட்டிலிருந்து சிறைபிடிக்கப்பட்டுத் துறைமுகங்களுக்கு நடத்திச் செல்லப்பட்ட மக்களின் பாதையை இக்கலப்பு காட்டக்கூடும் என ஆய்வாளர் கருதினர். சங்கிலியிற் பிணைத்து நடத்தப்பட்டவர்கள் எழுதிவைத்தது ஒன்றுமில்லை. அவர்கள் வழியில் உண்டு எறிந்த விதைகள் மரங்களாகி நிற்கின்றன. அடக்கப்பட்டோர் வரலாற்றிற்கு ஆவணமில்லை என நாம் அடிக்கடி கூறிவருகின்றோம். எவற்றை ஆவணமென ஏற்றுக்கொண்டோம் என்பதையும் சற்று ஆராயவேண்டியுள்ளது.

இரண்டாவது ஆய்வு 2020இல் வெளிவந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஜூன்சியிலும் கிந்தூரிலும் நிற்கும் இரு பெருமரங்கள் கதிரியக்கக் கரிமுறையாற் கணிக்கப்பட்டபோது இரண்டும் ஏறத்தாழ 800 ஆண்டு வயதுடையனவெனத் தெரியவந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது 1498இல். அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, கடலிலிருந்து நெடுந்தூரத்தில், கங்கைச் சமவெளியிலே பெருக்கமரம் வளர்ந்துகொண்டிருந்தது. வட இந்திய சுல்தானியப் படைகளிலும் அரண்மனைகளிலும் அபிசீனியர் இருந்த காலம் அது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் ஹப்சிகள் அரசாண்டதும், அடிமையாக விற்கப்பட்டு வந்த மாலிக் அம்பர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகமதுநகரின் அதிகாரத்தைக் கைக்கொண்டு முகலாயரை எதிர்த்து நின்றதும் அந்நீண்ட தொடர்பின் வெளிப்படையான நிகழ்ச்சிகள். கோல்கொண்டாவிலும் பீசப்பூரிலும் பருத்த பெருக்கமரங்கள் நிற்பது தற்செயலாயிருக்க இயலாது.

கிந்தூர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்குள்ள மக்கள் அதனைப் பாரிசாதம் என வணங்குகின்றனர். பாண்டவரின் தாய் குந்தியோடு அதனை இணைக்கும் கதை உண்டு. வேறிடங்களில் இதே மரம் கற்பகதருவாகிறது. கோரக்கநாதர் பெயரால் 'கோரக் இம்லி' எனவும் வழங்குகிறது. ஆபிரிக்கர் உணவாகக் கொண்டுவந்தது தேவலோகத்திலிருந்து இறங்கியதாயிற்று. புராணம் இவ்விடத்திலே செய்யும் தொழில் நுட்பமானது. பொருளை ஏற்றுக்கொள்கின்றது, அதைச் சுமந்துவந்த கையை அழித்துவிடுகின்றது. மன்னாரின் வணிகன் கதையும் தன்மையில் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று என்பது எமது கருத்து. தேவருக்குப் பதிலாக வணிகன், அவ்வளவே.

2015ஆம் ஆண்டின் ஆய்வு தமிழர் கரையைப் பொறுத்து எதிர்பாராத ஒன்றையும் கூறுகின்றது. தென்கிழக்கிந்தியாவின் மரங்கள் கிழக்காபிரிக்க மரங்களோடு சேரவில்லை. அவை மேற்காபிரிக்கா, மஸ்கரீன் தீவுகள், மலேசியா ஆகியவற்றின் மரங்களோடு ஒரே கூட்டமாக அமைந்தன. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் குடியேற்ற வலையமைப்பினூடாக இவை வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. செனகலிலே கோரே, மஸ்கரீனிலே மொரிசியசு, சோழமண்டலக் கரையிலே புதுச்சேரி ஆகிய மூன்றையும் ஒருகாலத்தில் ஆண்டது ஒரே கம்பனி. அடன்சோனுக்குச் சம்பளம் கொடுத்த அதே கம்பனி. இரு செய்திகளையும் இணைத்து ஆய்வாளர் கூறினரோ இல்லையோ, நாம் இணைத்து நோக்காதிருத்தல் இயலாது.

அவ்வாய்வில் இலங்கை மரங்கள் சேர்க்கப்படவில்லை. எனவே மன்னார் மரங்கள் மொம்பாசாவின் பிள்ளைகளா, கோரேயின் பிள்ளைகளா என்ற வினா திறந்தே உள்ளது. பள்ளிமுனை மரத்தின் பருமனைக் கொண்டு அதன் வயதைத் துணிதல் தகாது. பல அடிகள் ஒன்றிணைந்து ஒரே மரம்போலத் தோன்றுவது இவ்வினத்தின் இயல்பு என்பது கரிமுறை ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. சுற்றளவைக் கொண்டு கணிப்போர் அடன்சோன் இடறிய இடத்திலேயே இடறுவர். ஆனால் எவ்விடையாயினும் அதிலே ஆபிரிக்க மக்களுக்கு இடமுண்டு. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரிற் கோட்டை அமைத்தனர். அவர்களோடு மொசாம்பிக்கிலிருந்து கொணரப்பட்ட படையாட்களும் அடிமைகளும் இந்நாட்டிற்கு வந்தனர். 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் அடிமைகளைக் கொணர்ந்தனர். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்கரை விலைக்கு வாங்கிப் படைப்பிரிவாக்கினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். மஞ்சா என்னும் பாடல் மரபைப் பேணிவருகின்றனர். பெருக்கமரத்தைப் பற்றிய எந்த உல்லாசப் பயண ஏட்டிலும் இவர்களைப் பற்றிய ஒரு சொல்லை யான் கண்டதில்லை.

பூர்விகம் பற்றிய ஆராய்ச்சி இந்நாட்டிலே வெறும் ஏட்டு முயற்சியாக இருந்ததில்லை. யார் முதலில் வந்தார் என்ற வினாவிற்கு இங்கே இரத்தத்தில் விடை எழுதப்பட்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலாளராக வந்தவர்களிற் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதை வழியே காடுகளினூடு மாத்தளை நோக்கி நடந்தனர்; வழியிலே மாண்டவர் பலர். அவர்களின் பேரப்பிள்ளைகளுடைய குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் சட்டம் பறித்தபோது கேட்கப்பட்டதும் பூர்விகம் பற்றிய வினாவே. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 'அரேபியர் நட்ட மரம்' எனப் பெருமையோடு சுட்டிக்காட்டப்பட்ட மரம் நின்ற இடத்திலேயே நின்றது. அரேபியத் தொடர்பின் மரபுரிமையாளர் எனக் கூறப்பட்டோர் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடல் வழியே சென்றனர். தமிழ் முற்போக்காளரிற் பலர் அன்று மௌனமாயிருந்தனர். அம்மௌனத்தை இவ்விடத்திற் பதிவு செய்யாது மரத்தைப் பற்றி மட்டும் எழுதுதல் நேர்மையாகாது.

மரத்திடம் எவரும் பத்திரம் கேட்பதில்லை. நம் அடுக்களையின் புளியே ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது என்பதைத் தாவரவியலார் பலமுறை கூறிவிட்டனர். அரேபியர் அதற்கு 'இந்தியப் பேரீச்சை' எனப் பெயரிட்டதால் உலகம் அதனை இந்தியாவினதெனக் கொண்டது. புளியின்றித் தமிழ்க் குழம்பு இல்லை. அது எக்காலத்தில் வந்ததென எவரும் வினவியதில்லை. வந்ததை மறக்கும் அளவிற்கு உண்டுவிட்டோம். பெருக்கமரம் அத்துணைப் பயன்பாட்டினுள் வரவில்லை. அதனாலேயே அது இன்னும் 'அந்நியமாக' நிற்கின்றது போலும்.

மன்னார்ப் பகுதியிலே 2004இல் வெளிவந்த கணக்கெடுப்பொன்று ஏறத்தாழ நாற்பது வளர்ந்த மரங்களையே குறித்தது. இளங்கன்றுகள் தோன்றி வளரும் அடையாளம் காணப்படவில்லை. முதிர்ந்தவை விழ, இடத்தை நிரப்ப எவையும் இல்லை. விதையின் கடின மேற்றோலைக் கீறியோ வெந்நீரில் ஊறவைத்தோ முளைக்கச் செய்யலாம். முளைத்ததை ஆடுமாடுகளிடமிருந்து சில ஆண்டுகள் காக்கவேண்டும். ஊரிலுள்ள பாடசாலைகளாற் செய்யக்கூடிய காரியம் இது. மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் மரங்களிலிருந்து சில இலைகளைப் பறித்து, மொம்பாசாவின் மரங்களோடும் செனகலின் மரங்களோடும் ஒப்பிடும் பணியை நம் பல்கலைக்கழகங்களின் தாவரவியற் றுறைகள் மேற்கொள்ளலாம். அதுவரை 1477 என்ற எண்ணை அழித்துவிட வேண்டுவதில்லை. அதன் பக்கத்தில் ஒரு வினாக்குறி இடப்படுமாயின் போதும்.